சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் கொட்டிய மழை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அந்த ஒரே நாளில் விழுந்த தண்ணீர் மட்டும் 88 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் ஏழு லோடுக்கும் மேல். தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் பக்கம் எந்த வீட்டுத் தளம் உறுதியானது, எது ஓட்டை என்பதை அந்த மழை ஒரே இரவில் காட்டிவிட்டது.

ஒழுகும் தளத்துக்கு மேல்பூச்சு அடிக்க இன்றைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. கொத்து வேலையோ பிளம்பிங்கோ தெரிந்த இளைஞர்களுக்கும், ஐ.டி.ஐ., சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுபவர்களுக்கும் இது நல்ல தொழில். பெரிய முதல் தேவையில்லை, பொறுமை தேவை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஹாலில் ஃபேன் மாட்டிய இடத்தில் மழைக்கு மழை சொட்டும். மூன்று வருடத்தில் மூன்று முறை தளம் முழுக்கப் பூச்சு அடித்தோம். ஒவ்வொரு ஐப்பசியிலும் திரும்பச் சொட்டியது. நான்காவதாக வந்த பையன் பூச்சைப் பற்றிப் பேசவே இல்லை. மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னான். பிறகு அப்பாவிடம், “அண்ணாச்சி, மழை ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல சொட்டுது? விட்ட பிறகு எவ்வளவு நேரம் சொட்டுது?” என்று கேட்டான்.

“ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல வருது தம்பி. விட்டதும் கொஞ்ச நேரத்துல நின்னுபோகும்.”

சீக்கிரம் வந்து சீக்கிரம் நிற்கிறது என்றால், தண்ணீர் காங்கிரீட்டுக்குள் ஊறி வரவில்லை, திறந்த வழி ஒன்று இருக்கிறது என்றான். மாடியில் துணி காயப்போடும் கொடிக்காக நட்ட இரும்புக் கால் ஒன்று கைப்பிடிச் சுவரோரம் நின்றது. அதன் அடியைத் தட்டினான். தகடு தகடாகத் துரு உதிர்ந்தது. துருப்பிடித்த இரும்பு பழைய பருமனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். அப்படி ஊதிய கால் தளத்தைச் சுற்றிலும் கீறிவிட்டிருந்தது. கீறலுக்குள் இறங்கிய தண்ணீர் தளத்தில் புதைத்த மின்சார பைப்புக்குள் புகுந்து, பன்னிரண்டு அடி ஓடி, ஃபேன் பெட்டியில் வந்து விழுந்திருக்கிறது. கீறலில் கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரைக் கரைத்து ஊற்றினான். சற்று நேரத்தில் ஹாலில் சிவப்பாகச் சொட்டியது. மூன்று முறை பூச்சு அடித்தவர்களும் அந்தக் காலைச் சுற்றித்தான் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் முதல் கருவி கேள்விதான். மழை ஆரம்பித்ததும் சொட்டுகிறதா, மறுநாள்தான் ஈரம் தெரிகிறதா? தாமதமாக வந்து நெடுநேரம் நீடித்தால், தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி ஊறுகிறது. மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் இருந்தால் மாடியில் ஏறவே வேண்டாம். டேங்க் பைப், பாத்ரூம், சிங்க் பக்கம் தேடுங்கள்.

எந்தக் காற்றில் ஒழுகுகிறது என்றும் கேளுங்கள். இங்கே கடலுக்குப் போகிறவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசைபிரித்துப் பேசுகிறவர்கள், வீட்டுக்காரரும் சொல்லிவிடுவார். வாடையிலும் கொண்டலிலும் மட்டும் ஒழுகினால் தளத்தின் மேல் குற்றமில்லை. வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் சாரல் சாய்ந்து அடிக்கிறது. அந்தப் பக்கத்து ஜன்னல் சட்டத்தின் சந்து, சுவரும் பீமும் சேரும் கோடு, சன்ஷேடு ஆகியவற்றைப் பாருங்கள். சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு காடி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் கீழே சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைப் பிடிக்கும்.

கடற்கரை ஊரில் ஒரு பொய் ஒழுகல் உண்டு; இதில் ஏமாறாதவர்கள் குறைவு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையை வெட்டி வந்து கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் பயன்படுத்திய காலம் உண்டு. பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் அந்தக் கல் இருக்கிறது. வேறு சிலவற்றில் கழுவாத கடல் மணலில் பூசியிருக்கிறார்கள். இரண்டிலும் உப்பு உண்டு. காற்றில் புழுக்கம் கூடினால் உப்பு ஈரத்தை இழுக்கும். மழை பெய்யாமலே சுவர் நனைந்து கறுக்கும், வெயிலில் வெளுத்துப் பொடி பூக்கும். சொட்டாது, வழியாது, எப்போதும் அதே இடத்தில்தான் வரும். இதற்கு மாடியில் பூச்சு அடிப்பது வீட்டுக்காரர் பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

சந்தேகம் வந்தால், சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சதுர அடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் ஈரம் படிந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் முத்துமுத்தாக நின்றால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. ஈரப்பத மீட்டரை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். சுவரில் உப்பு இருந்தால் பெரும்பாலான மீட்டர்கள் ஈரத்தைக் கூட்டிக் காட்டும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. தளத்துக்கு என்றால் மழைநீர்க் குழாயின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். தளம் பெரிதாக இருந்தால் மண்ணால் வரப்பு போட்டுப் பகுதி பகுதியாக நிறுத்துங்கள். எந்தப் பாத்தி நிறையும்போது கீழே ஈரம் வருகிறதோ அந்தப் பாத்தியில்தான் ஓட்டை. இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளத்தில் இதைச் செய்யவே கூடாது.

சுவருக்கு ஹோஸ் போதும். கீழிருந்து மேலே வர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலே முதலில் அடித்தால் தண்ணீர் சுவர் முழுக்க வழிந்து, எந்தச் சந்தில் நுழைந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு மட்டத்திலும் கால் மணி நேரமாவது அடியுங்கள். உள்ளே டார்ச்சோடு ஒருவர் நிற்க வேண்டும். முதல் ஈரம் தெரிந்த நிமிடத்தை அவர் எழுதி வைக்க வேண்டும்.

கோடவுன், ஷீட் கூரை, ஓட்டு வீடு என்றால் துறைமுக வழக்கம் ஒன்று கைகொடுக்கும். காலி கன்டெய்னரைச் சோதிக்கிறவர் உள்ளே நின்று கதவை மூடச் சொல்வார். இருட்டில் ஊசிமுனை வெளிச்சம் எங்காவது தெரிந்தால் அங்கே தண்ணீரும் நுழையும். நல்ல வெயில் நேரத்தில் கோடவுன் கதவுகளைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் ஷீட்டை முடுக்கிய போல்ட்டின் தலையில்தான் தெரியும். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். துறைமுகத்தைச் சுற்றிக் கோடவுன்கள் நிறைய. சரக்கு நனைந்த பிறகு வருந்துவதைவிட வருடத்துக்கு ஒரு முறை சோதிப்பது லாபம் என்று கோடவுன்காரர்களிடம் எடுத்துச் சொல்லலாம். வேலை கிடைக்கும்.

தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோடு, பீச் ரோடு பக்கத்துப் பழைய கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் பார்ப்பீர்கள்: மர உத்திரம், அதன்மேல் நெருக்கி அடுக்கிய செங்கல், மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், அதற்கும் மேல் தட்டோடு. அதில் தண்ணீர் கட்டாதீர்கள். சிமென்ட் பூச்சும் போடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை உளுத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து அவரோடு நாலு வீடாவது ஏறுங்கள். அந்தக் கைப்பழக்கம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

புதிய காங்கிரீட் தளத்தில் முதலில் வாட்டத்தை அளந்துவிடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருந்தால் தண்ணீர் ஓடும். பிறகு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்ற சத்தம் வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய காங்கிரீட் மூடல், சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் என்கிறது ஐ.எஸ். 456. கடற்கரைக் காற்று கடுமையான கணக்கில்தான் சேரும். நம் ஊரில் 20-லேயே கட்டி முடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே கம்பியும் காலப்போக்கில் எங்கள் மாடி இரும்புக் கால் செய்ததையே செய்யும்.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். கண்டுபிடிக்கும் கட்டணம் தனி, சரிசெய்யும் கூலி தனி என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியை அளவாக வைத்துத் தொடங்கலாம். நீங்களே பூச்சும் விற்றால், எல்லா ஒழுகலுக்கும் பூச்சுதான் மருந்தாகத் தெரியும். என் எண்ணம், முதல் இரண்டு வருடம் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் தானாக வரும். செய்த சோதனை, நேரம், போட்டோ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாத வீட்டில் அதையும் எழுதிக் கொடுங்கள்.

ஈரம் கண்ட இடத்தில் மெயினை அணைக்காமல் கை வைக்க வேண்டாம். ஊறிய கைப்பிடிச் சுவரில் சாய வேண்டாம். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

நம் கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன் உறவுக்காரர், தெருக்காரர் வீடு பத்தில் ஹோஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு இலவசமாக ஏறிப் பாருங்கள். பத்தாவது வீட்டில் நீங்கள் கேட்கும் கேள்வி முதல் வீட்டில் கேட்டதாக இருக்காது. அன்றைக்கே கட்டணம் வாங்கத் தொடங்கலாம்.