ஒரு கணினி, பல குழுக்கள்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த இடமளித்தது அதன் சிறப்பாகும். இன்றைய லினக்ஸ் இயங்குதளமும் அந்த வழியையே பின்பற்றுகிறது. பலர் பயன்படுத்தும் கணினியில் எல்லாருக்கும் பொதுவானது எது, ஒரு குழுவுக்கு மட்டும் உரியது எது, தனி ஒருவருக்கு உரியது எது என்பதை முறையாக வகுக்க வேண்டியுள்ளது.

பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் பெற்று, அதனை நிறைவேற்றச் செய்யும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். ஷெல் சில தகவல்களைப் பெயரும் மதிப்புமாக வைத்திருக்கும். இவையே சூழல் மாறிகள். எடுத்துக்காட்டாக, ‘பாத்’ என்னும் மாறி, கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்பதைக் கூறுகிறது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இம்முறை இடம்பெற்றது.

ஷெல் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் இந்த மாறிகளின் நகலைப் பெறுகிறது. அறிவிப்புப் பலகையில் உள்ள கால அட்டவணையை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். குறிப்பேட்டில் திருத்தினால் பலகை மாறாது. பலகையில் பின்னர் செய்த திருத்தமும் குறிப்பேட்டில் தானாக ஏறாது.

ஒரு பள்ளியின் கணினியை இதழ்க் குழுவினர் இருபது பேரும் ரோபோட்டிக் கழகத்தினர் இருபது பேரும் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்ளலாம். இதழ்க் குழுவினரின் கட்டுரைகள் ஒரே பொதுக் கோப்புறையில் சேர வேண்டும். அதன் முகவரியை ஒவ்வொருவரின் சொந்தக் கோப்பிலும் எழுதினால், மாற்றம் வரும்போதெல்லாம் இருபது கோப்புகளைத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அம்மாணவரின் கட்டுரை பழைய இடத்திலேயே தங்கிவிடும். இதழிலும் இடம்பெறாமல் போகலாம்.

இதற்கு எளிய வழி உண்டு. ‘இடிசி’ கோப்புறையில் உள்ள ‘புரொஃபைல்’ என்னும் கோப்பைப் பயனர்கள் உள்நுழையும்போது ஷெல் படிக்கிறது. கணினி நிர்வாகி அதில் ஒரு நிபந்தனையை எழுதலாம். பயனர் எந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்பதை ‘ஐடி’ கட்டளை தெரிவிக்கும். அவர் இதழ்க் குழுவினர் என்றால், அக்குழுவின் முகவரி மாறியில் இடப்படும். பிறகு ‘எக்ஸ்போர்ட்’ கட்டளை அந்த மாறியை மற்ற நிரல்களுக்கும் கிடைக்கச் செய்யும். ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவர்கள் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் புதிய மதிப்பைப் பெறுவர்.

ஒரு மாணவர் இரு குழுக்களிலும் இருந்தால் என்ன ஆகும்? ஒரே மாறிக்கு இருமுறை மதிப்பு இட்டால், பின்னர் இட்டதே நிலைக்கும். ஆகவே, ஒவ்வொரு குழுவுக்கும் தனி மாறி வைப்பது நல்லது. ‘பாத்’ போன்ற பொது மாறியில் பழைய மதிப்பை அழிக்காமல், புதியதை அதனுடன் சேர்க்க வேண்டும். இல்லையெனில், அன்றாடக் கட்டளைகளைக்கூட ஷெல்லால் கண்டுபிடிக்க முடியாது.

பொதுக் கோப்புக்குப் பிறகே பயனரின் சொந்தக் கோப்பு படிக்கப்படுகிறது. அதனால், நிர்வாகி தந்த மதிப்பைப் பயனர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சூழல் மாறி வழிகாட்டும் பலகையே தவிர, பூட்டு அன்று. ஆசிரியரின் மதிப்பெண் கோப்பு இருக்கும் இடத்தை மாணவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுவது மட்டும் பாதுகாப்பாகாது. உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரில் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் கோப்பு அனுமதியே உறுதிசெய்கிறது.

பொதுவானதை ஓரிடத்தில் எழுதி, குழுவுக்குரியதை நிபந்தனையுடன் வழங்கி, தனிமனிதரின் விருப்பத்துக்கும் இடம் விடுவதே நல்ல கணினி நிர்வாகம். காக்க வேண்டியதை அனுமதியால் காப்பதும் அதன் கடமையாகும்.