தட்டுகிற சத்தமெல்லாம் டேப்பெட் அல்ல
நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று துறைமுகம்தோறும் விசைப்படகுகள் கரையேறும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் நடக்கும்போது இன்ஜினுக்கும் முறை வரும். அந்தப் பேச்சு பெரும்பாலும் காதில் கேட்டதை வைத்துத்தான் தொடங்கும்: “அண்ணே, டேப்பெட் அடிக்குது, கொஞ்சம் டைட் வெச்சு விட்டுருங்க.”

கேம் ஷாஃப்ட் டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரைச் சாய்க்க, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும் டீசல் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் மணிக்கு 54,000 முறை திறந்து மூடுகிறது. இந்த வேகத்தில் ஒரு சின்னத் தவறுகூடப் பெரிய செலவாக வளரும். இந்த வரிசையைச் சுற்றித் துறைமுகங்களில் உலவும் சில நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ‘டிக் டிக்’ என்றால் டேப்பெட் லூஸ்.

உண்மை: லூஸான டேப்பெட் அப்படித் தட்டும் என்பது சரிதான். ஆனால் மோசமான நாசில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசியும் புகை, தேய்ந்த ராக்கர் ஷாஃப்ட், தேய்ந்த கேம் ஆகியவையும் ஏறக்குறைய அதே சத்தத்தைத் தரும். பிரித்தறிய ஒரு பழைய வழி இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக நாசில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்க்க வேண்டும். டீசல் நின்றதும் சத்தமும் மாறினால் கோளாறு அந்தச் சிலிண்டரின் எரிப்பிலோ, பிஸ்டனிலோ, பேரிங்கிலோ இருக்கலாம். எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ராக்கர் கவரைத் திறக்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நட்டைத் துணியால் மூட வேண்டும், விரலை அருகே கொண்டுபோகக் கூடாது. காமன் ரெயில் இன்ஜினில் இந்தச் சோதனையை அறவே செய்யக் கூடாது.

நம்பிக்கை 2: சத்தமே இல்லாத இன்ஜின்தான் நல்ல இன்ஜின்.

உண்மை: இருப்பதிலேயே அதிக நஷ்டம் தரும் நம்பிக்கை இது. வால்வும் சீட்டும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் சத்தமும் குறையும். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போகும்போது இன்ஜின் மிக அமைதியாக ஓடும், ஆனால் வால்வு முழுதாக மூடாது.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் சுமார் முக்கால் பங்கைச் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சீட்டில் சரியாக உட்காராத வால்வுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். எரியும் வாயு விளிம்பில் ஒரு மெல்லிய கீறலாகக் கசியத் தொடங்கி, நாளடைவில் அந்த இடத்தைக் கடித்துத் தின்றுவிடும். வால்வைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். லேசாகத் தட்டும் இன்ஜினைவிடத் திடீரென்று அமைதியாகிவிட்ட பழைய இன்ஜினைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை 3: டேப்பெட்டைச் சூட்டில்தான் வைக்க வேண்டும், எல்லா இன்ஜினுக்கும் ஒரே கணக்கு.

உண்மை: கணக்கு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். 12 வால்வு உள்ள கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு இன்லெட் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர், இன்ஜின் 60 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். பாய்மரப் படகுகளில் பெயர்பெற்ற பெர்கின்ஸ் 4.108 இன்ஜினுக்கு எல்லா வால்வுக்கும் குளிரில் 0.30, சூட்டில் 0.25. யான்மார் ஜிஎம் வரிசைக்குக் குளிரில் 0.20. ஷெவர்லே வி-8 அடிப்படையிலான பெட்ரோல் இன்போர்டுகளில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் அங்கே இடைவெளியே கிடையாது. அவற்றில் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவும் ஆயில் பிரஷரும்தான்.

எந்த நிலையில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். 1-5-3-6-2-4 என்ற ஃபயரிங் ஆர்டரில் ஓடும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் 1-6, 2-5, 3-4 ஆகியவை ஜோடிகள். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பி, ஆறாவது சிலிண்டரின் இரண்டு ராக்கர்களையும் கவனிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ராக்கர் மேலேறி முடியும் நேரத்தில் இன்லெட் ராக்கர் கீழிறங்கத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்தினால் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும். அப்போது ஃபில்லர் கேஜை நுழைத்து அளக்கலாம்.

இங்கே அனுபவசாலிகளையும் ஏமாற்றும் பொறி ஒன்று இருக்கிறது. ராக்கரின் முனை வால்வு பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தால், தட்டையான ஃபில்லர் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போலக் கிடக்கும். கேஜ் 0.25 என்று காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். அதனால் அளவு சரியாக இருந்தும் சத்தம் நிற்காது. அங்கே டேப்பெட்டை இன்னும் இறுக்குவது பயன் தராது. ராக்கரைத்தான் மாற்ற வேண்டும்.

நம்பிக்கை 4: வளைந்த புஷ்ராடுக்குப் புதுசு மாட்டினால் வேலை முடிந்தது.

உண்மை: புஷ்ராடு தானாக வளைவதில்லை. வால்வு திறக்க மறுத்தாலோ, திறந்த வால்வு பிஸ்டனில் இடித்தாலோதான் வளையும். கைடுக்குள் வால்வுத் தண்டு இறுகிப்போவது முதல் காரணம். லோடு இல்லாமல் இன்ஜினை மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிட்டால் பாதி எரிந்த டீசல் தார்போல எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டில் படியும். நாள்கணக்கில் சும்மா நின்ற படகில் அது இறுகிவிடும். தண்ணீர் புகுந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

புஷ்ராடைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் வளைவு உடனே தெரியும். வளைந்தது கிடைத்துவிட்டால், அதற்குரிய வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றி, தண்டு கைடில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் புதிய ராடைப் போடக் கூடாது. போட்டால் அதுவும் வளையும். கழற்றியவற்றை ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகக் குத்திவைப்பதும் அவசியம். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த உறுப்புகள் இடம் மாறினால் தேய்மானம் புதிதாகத் தொடங்கும்.

நம்பிக்கை 5: சிலிண்டருக்குள் தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

உண்மை: போயிருக்கலாம். ஆனால் புகைக்குழாய் வழியும் அதே அளவு சந்தேகத்துக்குரியது. கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றும் படகுகளில், ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்ஸர் நிரம்பி, தண்ணீர் பின்வாங்கி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக உள்ளே இறங்கும். இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்; இன்ஜின் பிடித்த உடனே அதைத் திறக்க மறக்கவும் கூடாது. புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும் படகுகளுக்கு வடகிழக்குப் பருவமழையே எதிரி. குழாய் வாயில் ஒரு மூடி இல்லாவிட்டால் மழைநீர் நேராக வால்வுக்கு வந்து சேரும்.

நம்பிக்கை 6: ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால், கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கம்ப்ரஷன் பார்த்தால் ரிங்கா வால்வா என்று தெரிந்துவிடும்.

உண்மை: பெட்ரோல் இன்ஜினில் ஓரளவு பலிக்கும் இந்த உத்தி டீசலில் குழப்பத்தையே தரும். டீசல் சிலிண்டரில் எரிப்பு இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டே கம்ப்ரஷனை ஏற்றிக் காட்டும். ரிங் கெட்டதாக நினைத்து இன்ஜினையே இறக்கிவிட்டால் செலவு வீண்.

காற்றுச் சோதனை இதைவிடத் தெளிவானது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, நாசில் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் ‘உஸ்’ என்றால் இன்லெட் வால்வு, புகைக்குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், தண்ணீர் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். காற்று ஏறியதும் இன்ஜின் சட்டென்று சுழலக்கூடும் என்பதால் கிராங்கில் மாட்டிய கம்பியை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை 7: பேஸ்ட் போட்டு வால்வை அரைத்தால் எல்லாம் சரி.

உண்மை: தேய்ந்த கைடில் ஆடும் வால்வை எவ்வளவு அரைத்தாலும் அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் உட்காரும். முதலில் கைடு, பிறகு சீட் வெட்டுவது, கடைசியில்தான் லேசான அரைப்பு. லேத் பட்டறையிலிருந்து ஹெட் வந்ததும் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு ஓரம் ஈரம் கசிகிறதா என்று படகு உரிமையாளரே பார்க்கலாம். ஒரு துளி பேஸ்ட் மிஞ்சினாலும் அது கைடையும் சிலிண்டரையும் சேர்த்து அரைக்கும்.

அரைத்து மாட்டிய பிறகும் அதே சிலிண்டர் மறுபடி எரிந்தால் காரணம் ஹெட்டுக்கு வெளியே இருக்கலாம். இன்ஜினின் சக்திக்கு மீறிய புரொப்பல்லர் அதில் முக்கியமானது. முழு த்ராட்டிலில் குறிப்பிட்ட சுற்றை எட்டாமல் கறும்புகை தள்ளும் இன்ஜினில் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், வால்வும் அதோடு சேர்ந்து வேகும்.

படகு தண்ணீரில் இறங்குமுன் மெக்கானிக்கிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: 12 வால்வுகளின் இடைவெளி (திருத்துவதற்கு முன் இருந்ததும், திருத்திய பின் வைத்ததும்), ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷன், தேதி, இன்ஜின் ஓடிய மணி நேரம். அடுத்த ஏப்ரலில் அதே அளவுகளை மறுபடி எடுத்து ஒப்பிட்டால், எந்த வால்வின் இடைவெளி குறைந்திருக்கிறதோ அதன் சீட் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது ஹெட்டைக் கழற்றாமலே தெரிந்துவிடும்.