வடிகட்டினால் உப்பு போகுமா?

கடல்நீரைத் துணியில் வடிகட்டுங்கள். மணல் தங்கும், கரைந்த உப்பு தங்காது. அதைப் பிரிப்பது எப்படி?

துவாஸில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2018இல் திறக்கப்பட்டது. அங்கு முதலில், குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நுண்துளைச் சவ்வு சேற்றையும் கிருமிகளையும் தடுக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த சவ்வு விரைவில் அடைத்துக்கொள்ளும். குறைந்த அழுத்தச் சவ்வுகளை உருவாக்கியதில் முன்னோடியான கனடாவின் டாக்டர் ஆண்ட்ரூ பெனடெக், 2008இல் முதல் லீ குவான் இயூ தண்ணீர் விருதைப் பெற்றார்.

அடுத்தது எதிர்ச் சவ்வூடு பரவல். இயல்பாக, நீர் உப்பு மிகுந்த பக்கமே செல்லும். அதை எதிர்த்திசையில் தள்ள மிகுந்த அழுத்தம் வேண்டும். ஒரு கனமீட்டர் குடிநீருக்குச் சுமார் 3.5 கிலோவாட்மணி மின்சாரம் செலவாகிறது. மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. இந்த மின்செலவைக் குறைப்பதே ஆய்வாளர்களின் அடுத்த சவால்.