பஸ் பயத்துக்கு மாத்திரையா?

கேள்வி: புதுச்சேரி பஸ்ஸில் ஏறினாலே என் மகளுக்கு நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் எஸ்சிட்டாலோபிராம் எழுதியிருக்கிறார். பழக்கமாகிவிடுமா?
– வாசகி, கிருமாம்பாக்கம்

பதில்: போதைபோலப் பழக்கமாகாதும்மா. மூளையில் செரட்டோனின் கூடுதல் நேரம் தங்க வழிசெய்யும் மருந்து இது. பலன் தெரியச் சில வாரங்களாகும். தொடக்கத்தில் குமட்டலும் படபடப்பும் கூடலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இளவயது என்றால் மனநிலையைக் கவனியுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

கூட்ட அச்சம், சமூக அச்சம் இரண்டிலும் இவ்வகை மருந்துகள் உதவுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சமூக அச்சத்துக்கு இவ்வகையைச் சேர்ந்த பராக்செட்டினை அமெரிக்கா 1999-இல் அங்கீகரித்தது. நாய், பல்லி போன்ற ஒற்றைப் பயத்துக்கோ பழக்கும் சிகிச்சைதான் முதன்மை. உங்கள் மகளுக்கும் அது தேவைப்படும்: முதலில் நிற்கும் பஸ்ஸில் உட்காரட்டும், அடுத்து ஒரு ஸ்டாப், பிறகு தவளக்குப்பம் வரை. டாக்டரிடம் இதையும் கேளுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.