முன்னாள் இராணுவ வீரர் மறைந்தால்: குடும்பத்தார் கவனத்திற்கு

குண்டலுபேட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் தமது 61ஆம் வயதில் காலமானார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணிபுரிந்தவர். ஊர் மயானத்தில் தகனம் செய்து, அஸ்தியை நஞ்சன்கூடு சென்று கபிலை ஆற்றில் கரைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை அவருடைய மகன் என்னிடம் வந்தான்.

"மாமா, அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்கிறான், அங்கே பட்டாளத்துக்காரர் இறந்தால் சர்க்காரே பெயர் வெட்டிய கல் கொடுக்குமாம். எரித்தவர்களுக்கும் உண்டாம். அப்பாவுக்கு நம் சர்க்காரில் என்ன உண்டு? ஒரு சமாதிகூட இல்லையே."

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் முன்னாள் வீரரின் அஸ்தியை அரசின் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் வைக்க இடம் உண்டு. எங்கும் அடக்கம் செய்யாத அஸ்திக்குக் கலசமோ நினைவுத் தகடோ கேட்டுப் பெறவும் 2021இல் கையெழுத்தான சட்டம் வழி செய்தது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டால் பிறகு தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க முடியாது. அங்கே பிள்ளைகளை வைத்திருப்போர் இதை நினைவில் வைக்கவும்.

நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. 2019 பிப்ரவரி 25 அன்று புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவுச் சின்னத்தில் கடமையில் உயிர் நீத்தவர்களின் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. ஓய்வுபெற்று வீட்டில் காலமானவருக்கு அரசு செய்வதெல்லாம் அவருடைய மனைவிக்குத்தான் வந்து சேருகிறது. அதையும் கேட்டுத்தான் பெற வேண்டும். ரயில்வே பென்ஷன் விதிகள் எனக்குப் பழக்கம். இராணுவத்து விதிகளை அந்தக் குடும்பத்தோடு அலைந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. காரியச் செலவுக்காக அந்தப் பையன் அப்பாவின் ஏ.டி.எம். அட்டையால் மாதக் கடைசியில் வந்த பென்ஷனை எடுத்துவிட்டிருந்தான். பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான் சேரும். அதற்குப் பின் வந்த தொகையை அரசு திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வங்கிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

தகனம் செய்ததற்குத் தனியாக ஒரு சான்று இல்லையே என்று அவன் கவலைப்பட்டான். அது தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெறும் இறப்புச் சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். எங்கே உயிர் பிரிந்ததோ அங்கேதான் பதிவு. குண்டலுபேட்டை வீட்டில் இறந்தால் இங்குள்ள புரசபையில், மைசூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் மைசூரில். சான்றிதழில் ஐந்தாறு பிரதிகளாவது வாங்கி வையுங்கள்.

இனி வருவதுதான் நம்மவர்களை வாட்டும் விஷயம்: பெயர். பழனியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ழகரம் இல்லாததால் அது 'பளனியம்மா' ஆகிவிடும். ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் வேறு விதம். கணவர் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்டாளத்தில் சொல்லி எழுதிய பெயரோ வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயராக இருக்கும்! இன்ஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற குழப்பம் தனி. திருமணத்தையும் பிள்ளைகள் பிறப்பையும் பணிக்காலத்திலேயே 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியிட்டுப் பதிவார்கள். அதில் உள்ள பெயர்தான் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.விலும் ஏறும். அதோடு ஆதார் ஒத்துப்போனால் வேலை சுலபம்.

எங்கள் ஹவில்தார் வீட்டில் ஒத்துப்போகவில்லை. இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று அந்த அம்மாள் நோட்டரி முன்னிலையில் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதினார். மைசூரில் உள்ள சைனிக் நல அலுவலகத்தின் கடிதத்தையும் சேர்த்து, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீசுக்கு நேரில் சென்றோம். ஊட்டி வழிதான். பந்திப்பூர் காட்டுப் பாதையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவதால் விடிந்த பிறகே புறப்பட முடிந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த மலைப்பயணம் இல்லை, அவர்கள் மையம் பெங்களூரில் இருக்கிறது.

இன்னொன்று. பழைய காகிதங்களில் 'மைசூர் மாவட்டம், குண்டலுபேட்டை' என்றிருக்கும். 1997 முதல் நம் தாலுகா சாமராஜநகர மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தை எழுதி, பழைய முகவரியையும் குறிப்பிட்டு விடுவது நல்லது.

பெயர் சரியானதும் 'ஸ்பர்ஷ்' என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் கணினி ஏற்பாட்டில் இறப்பைப் பதிந்து குடும்ப பென்ஷன் கோரினோம். கணினி பழக்கமில்லாதவர்கள் பொதுச் சேவை மையத்திலோ, அதற்கென நியமித்த வங்கிக் கிளையிலோ செய்துகொள்ளலாம். கணக்கு இப்படி: சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, குறைந்தது மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும். ஓய்வுக்குப் பின் இறந்தவராயின் முதலில் 50 விழுக்காடு வரை உயர்த்திய விகிதம் கிடைக்கும். இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. எங்கள் ஹவில்தாருக்கு 61 என்பதால் அந்த அம்மாளுக்கு 67 வரைக் கணக்குதான் பொருந்தியது. பிறகு தொகை குறையும்போது யாரோ ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

மற்றவை சில. இராணுவக் குழு காப்பீட்டில், ஓய்வுக்குப் பின்னும் குறிப்பிட்ட காலம் வரை நீளும் பாலிசி ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு அதன் சான்றிதழ் இருக்கிறதா என்று பெட்டியைத் தேடுங்கள். 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் கணவர் உறுப்பினராக இருந்தால் மனைவிக்கும் சிகிச்சை தொடரும், அட்டையை மட்டும் மாற்ற வேண்டும். விதவைக்கான அடையாள அட்டைக்கும், ஈமச் செலவு முதலிய உதவித் தொகைகளுக்கும் சைனிக் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊனமுற்ற பிள்ளை இருந்தால், தாய்க்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப பென்ஷன் பெற வழி உண்டு. பெற்றோர் இருக்கும்போதே அந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

அந்த அம்மாளுக்கு ஐந்தாம் மாதம் நிலுவையோடு பென்ஷன் வந்தது. எடுத்த பணத்தையும் அதிலேயே கழித்துக்கொண்டார்கள். நம் சங்கக் குடும்பங்களில் இராணுவத்தில் இருந்தவர்கள், இருக்கும்போதே பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு காலையில் என் வீட்டுக்கு வரலாம். வரும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் கொண்டு வாருங்கள், ஜெராக்ஸில் பாதி எழுத்து தெரிவதில்லை.