மழையில் சைக்கிள் பிரேக்

ஹைதராபாத் அருகே உள்ள பட்டான்செரு தொழிற்பேட்டைக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் பிரேக்கைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரிம் பிரேக்கின் ரப்பர் கட்டை, ரிம்மில் உள்ள ஈரத்தைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே லாரிகள் ஓடும் 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் முன்கூட்டியே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். கட்டையில் சிக்கிய மணலை ஊசியால் எடுத்துவிடுங்கள். அலுமினிய ரிம்மை அரிப்பது அதுதான். கட்டையின் பள்ளக்கோடு தேய்ந்து மறைந்தால் உடனே மாற்றுங்கள்.

டிஸ்க் பிரேக் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் வழுக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். ஹைட்ராலிக் வகையென்றால், சக்கரத்தைக் கழற்றியபின் லீவரை அழுத்தாதீர்கள்.

கொல்லூர் பக்கம், 2023-இல் திறந்த 23 கி.மீ. சோலார் கூரைப் பாதையில் மட்டும் ஓட்டுபவருக்கு ரிம் பிரேக்கே போதும்.