சிறு குளியலறை, சிறு செலவு: ஜார்ஜ் டவுன் பழைய வீடுகள் தரும் பாடம்

விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று வெயிலேறியபின் வீடு திரும்பும் தொழிலாளி முதலில் நாடுவது குளியலறையையே. பாலின் வாடையும் கொசுக்கடியின் அரிப்பும் அங்குதான் நீங்குகின்றன. ஆயினும் வீட்டைப் புதுப்பிக்க எண்ணும்போது நாம் முன்கூடத்துக்கே முதலிடம் தருகிறோம். குளியலறையோ பாசி படிந்து, சுவர் உரிந்து, கடைசியில் காத்துக் கிடக்கிறது. முதியவர் ஒருவர் அங்கு வழுக்கி விழுந்த பின்னரே விழித்துக்கொள்கிறோம். குறைந்த செலவில் அவ்வறையைச் செம்மைப்படுத்தும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

பழைய வீடுகளின் அறிவு

பினாங்கின் ஜார்ஜ் டவுன், 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. சூலியா வீதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பழைய கடைவீடுகள் குறுகியவை. ஆனால் மிக நீண்டவை. அவற்றின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே உள்ளே இறங்கும். ஈரம் தங்காமைக்கு அதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் சுண்ணாம்பு. அச்செங்கற் சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சுபவை; சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை வெளியே ஆவியாக விடும். பிற்காலத்தில் சிலர் அதன்மேல் சிமெண்டு பூசினர். வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் மேலேறிச் செங்கல்லை உதிரச் செய்தது. லீத் வீதியிலுள்ள சியோங் பாட் சீ மாளிகையின் நீலச் சுவர்களும், அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பால் ஆனவையே. அம்மாளிகையின் சீரமைப்புக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது.

வெள்ளைச் சுவர், எளிய மரத்தட்டு, துணி மாட்டக் கொக்கிகள் என மேல்நாட்டார் கிராமக் குடில் பாணியில் குளியலறை அமைக்கின்றனர். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து சுவருக்கு அடித்த நம் முன்னோருக்கு இது புதிதன்று.

வேலையின் வரிசை

முதலில் அனுமதி. லயன் வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. அதைப் பழுதின்றிப் பேணும் கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளியிடமே ஒப்படைத்துள்ளது. ஆகவே ஒழுகும் குழாயையும் கூரையையும் முதலில் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிப்போம். அவர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு நம் ஊதியத்தைச் செலவிட வேண்டியதில்லை. பழைய கூரைத் தகட்டில் கல்நார் இருக்கலாம். அதைத் துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

இரண்டாவது, ஈரத்தின் காரணத்தை அறிதல். ஒரு முழ அகல நெகிழித் தாளைச் சுவரில் நான்கு புறமும் ஒட்டி இரண்டு நாள் விடுவோம். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. கசிவைத் தேட வேண்டும். வெளிப்புறம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. கூரையடியில் காற்றுவழி அமைத்தால் போதும். இதை அறியாமல் வர்ணம் பூசுவது பணத்தை நீரில் கரைப்பதாகும்.

மூன்றாவது, தளம். பழைய தளத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமெண்டு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்து பூசுவோம். நீர்ப்போக்கியை நோக்கி மீட்டருக்கு 2 செண்டிமீட்டர் சரிவு வேண்டும். ஏழு நாள் ஈரம் காயாமல் காப்பது நலம். தளத்துக்கு ஓடு பதிப்பதாயின் வழவழப்பான ஓட்டை விலக்கிச் சொரசொரப்பானதையே தேர்வோம். கடைகளில் மீந்துபோன ஓடுகளை மலிவாகக் கேட்டு வாங்கி, இரு நிறங்களை மாற்றி மாற்றிப் பதித்தால் அழகுக்குக் குறைவிராது.

நான்காவது, சுவர். நீர் தெறிக்கும் உயரம் வரை சிமெண்டுப் பூச்சோ ஓடோ இருக்கட்டும். அதற்கு மேல் பையில் விற்கும் நீற்றிய சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து, சுவரை நனைத்து, மெல்லிதாகப் பல முறை அடிப்போம். எண்ணெய் வர்ணத்தின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது. அதைச் சுரண்டி நீக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணைப் புண்ணாக்கும். கண்ணாடி அணிந்தே அடிக்க வேண்டும்.

இறுதியாக மரத்தட்டு. நாம் வளர்க்கும் பால்மரத்தின் பலகை நாற்காலிக்கு நல்லது. ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் அதை எளிதில் அரிக்கும். குளியலறைக்கு வேறு கெட்டி மரமே ஏற்றது.

காக்கும் கடமை

தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை முற்றிலும் இறைத்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவோம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரிலேயே ஒட்டியிருக்கும்; நீரை மட்டும் மாற்றுவதால் அது அழியாது. வெந்நீர்க் கருவி பொருத்துவோர் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியையும் பொருத்த வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கொத்துவேலை அறிந்த அண்டை வீட்டாருடன் கூடி, இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் மற்றொரு வீடு எனச் செய்தால் கூலிச் செலவு மிஞ்சும். அவ்வாறு மிஞ்சும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது, பாட்டி பற்றி நடக்கச் சுவரில் ஓர் உறுதியான கைப்பிடி.